எண்ணெய் கொட்டிய கப்பல்: யார் பொறுப்பு, எவ்வளவு பொறுப்பு?

வாசகர் கேள்வி – பதில்

கடற்சட்டம் தொடர்பாக வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கப்பல்களிலிருந்து கடலில் கொட்டும் எண்ணெயையும் அதற்கான இழப்பீட்டையும் பற்றியவை. ஒன்றன் விடை மற்றொன்றுக்குத் தேவைப்படுவதால், அவை இங்கே சேர்த்துத் தரப்படுகின்றன.

கேள்வி: எண்ணெய்க் கப்பல் விபத்துக்குள்ளானால், தம் மீது தவறே இல்லாவிட்டாலும் அதன் உரிமையாளர்தான் இழப்பீடு தர வேண்டும் என்று படித்தேன். தவறு செய்யாதவரைத் தண்டிப்பது என்ன நியாயம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: இழப்பீடு வேறு, தண்டனை வேறு. தண்டனை தருவதற்குக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். இழப்பீட்டிலோ, ஒரு தொழிலால் எழும் இடரை யார் சுமப்பது என்பதே கேள்வி. லட்சம் டன் எண்ணெயைக் கடல்வழியே ஏற்றிச் சென்று வருவாய் ஈட்டுபவர் ஒருபுறமும், அந்தப் பயணத்தில் எந்தப் பங்கும் இல்லாமல் கரையில் வாழ்பவர் மறுபுறமும் நிற்கும்போது, இழப்பு முன்னவரையே சேர வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை.

இந்த நிலை எளிதில் வந்துவிடவில்லை. 1967 மார்ச் 18 அன்று, சுமார் 1,19,000 டன் கச்சா எண்ணெயுடன் சென்ற 'டோரி கேன்யன்' என்ற கப்பல், இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கும் சில்லி தீவுகளுக்கும் இடையிலுள்ள பாறைத்திட்டில் மோதியது. எண்ணெய் பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளின் கரைகளையும் பாழாக்கியது. கப்பலின் கொடி லைபீரியாவுடையது, உரிமை பெர்முடாவில் பதிவான நிறுவனத்துடையது, அதை வாடகைக்கு எடுத்திருந்தது ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனம். உரிமையாளரின் பொறுப்பு விபத்துக்குப் பின் எஞ்சிய கப்பலின் மதிப்பைத் தாண்டாது என்ற பழைய அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி, எஞ்சியது ஓர் உயிர்காப்புப் படகு மட்டுமே, அதன் மதிப்பு 50 டாலர் என்று நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. அதே உரிமையாளரின் மற்றொரு கப்பல் சிங்கப்பூருக்கு வந்தபோது பிரிட்டிஷ் அரசு அதைச் சிறைப்பிடிக்கச் செய்தது. அதன் பிறகே பேச்சுவார்த்தை நகர்ந்து, 30 லட்சம் பவுண்டு தொகையில் உடன்பாடு ஏற்பட்டது. இரு பெரிய அரசுகளே இவ்வாறு வேட்டையாடித்தான் இழப்பீடு பெற முடிந்தது என்றால், ஒற்றைப் படகு வைத்திருக்கும் மீனவர் என்ன செய்திருக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு விடையாக 1969இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உருவானதே, எண்ணெய் மாசுக்கான குடிமைப் பொறுப்பு உடன்படிக்கை. 1992ஆம் ஆண்டு நெறிமுறையால் திருத்தப்பட்ட அதன் வடிவமே இன்று பெரும்பாலான நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இதன்படி, கப்பலின் பதிவுபெற்ற உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதைப் பாதிக்கப்பட்டவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அந்தக் கப்பலின் எண்ணெயால் இழப்பு நேர்ந்தது என்று காட்டினால் போதும்.

விலக்குகள் மூன்று மட்டுமே. போர் அல்லது தடுக்கவே முடியாத, வழக்கத்துக்கு முற்றிலும் மாறான இயற்கைச் சீற்றம் முதலாவது. கேடு விளைவிக்கும் நோக்கத்துடன் வெளியார் ஒருவர் செய்த செயலே முழுக் காரணமாக இருப்பது இரண்டாவது. கலங்கரை விளக்கம் முதலான வழிகாட்டு ஏற்பாடுகளைப் பராமரிக்கும் அரசின் கவனக்குறைவே முழுக் காரணமாக இருப்பது மூன்றாவது. இவற்றை மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளருடையது. 'புயல் அடித்தது' என்று சொன்னால் மட்டும் போதாது, ஏனெனில் புயலைத் தாங்கும் கப்பலைச் செலுத்துவதே அவர் தொழில். 2007 டிசம்பரில் தென்கொரியக் கடலில் நங்கூரமிட்டு நின்றிருந்த 'ஹெபெய் ஸ்பிரிட்' கப்பல்மீது, இழுவைக் கம்பி அறுந்த பாரந்தூக்கி மிதவை ஒன்று மோதி, சுமார் 10,900 டன் எண்ணெய் கொட்டியது. மோதியது வேறொருவரின் மிதவை என்றாலும், அதில் கேடு செய்யும் நோக்கம் இல்லாததால் உரிமையாளரின் பொறுப்பு நீங்கவில்லை. விலக்குக் கிடைத்த அரிய வழக்கு, 1977இல் சுவீடன் அருகே பாறையில் ஏறிய 'செசிஸ்' என்ற சோவியத் கப்பலுடையது. அந்தப் பாறை இருப்பது முன்பே அறியப்பட்டும் கடல் வரைபடத்தில் சேர்க்கப்படாததால், பொறுப்பு சுவீடன் அரசையே சாரும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: பொறுப்பைக் கடுமையாக வைத்துவிட்டு, தொகைக்கு மட்டும் உச்சவரம்பு வைத்திருப்பது ஏன்? இது கப்பல் முதலாளிகளுக்கு அளித்த சலுகை அல்லவா?
– சட்டக் கல்லூரி மாணவி

பதில்: சலுகைதான், மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஈடாக அவர்களிடமிருந்து பெற்றவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவறு இல்லாத நிலையிலும் பொறுப்பு, 2,000 டன்னுக்கு மேல் எண்ணெயைச் சரக்காக ஏற்றும் ஒவ்வொரு கப்பலுக்கும் கட்டாயக் காப்பீடு, காப்பீட்டாளர் மீதே நேரடியாக வழக்குத் தொடுக்கும் உரிமை ஆகிய மூன்றும் அவ்வாறு பெறப்பட்டவை. வரம்பே இல்லாத பொறுப்புக்கு எந்தக் காப்பீட்டாளரும் உறுதிச் சான்று தரமாட்டார். காப்பீடு இல்லாத, ஒற்றைக் கப்பலை மட்டுமே சொத்தாகக் கொண்ட நிறுவனத்தின் மீது வரம்பற்ற தீர்ப்புப் பெற்றாலும், அந்தக் கப்பல் மூழ்கிய பின் வசூலிக்க எதுவும் இராது.

வரம்பு கப்பலின் அளவைப் பொறுத்தது. சர்வதேச நாணய நிதியம் ஐந்து முக்கிய நாணயங்களின் அடிப்படையில் கணக்கிடும் எஸ்.டி.ஆர். என்ற அலகில் அது குறிக்கப்படுகிறது. 2003 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள தொகைகளின்படி, 5,000 கிராஸ் டன் (எடையை அன்று, கப்பலின் உள்ளளவைக் குறிக்கும் அலகு) வரையுள்ள கப்பலுக்கு 45.1 லட்சம் எஸ்.டி.ஆர். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 631 எஸ்.டி.ஆர். கூடுகிறது. 1,40,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு 8 கோடியே 97.7 லட்சம் எஸ்.டி.ஆர். என்பதே உச்சம். எனவே ஒரு லட்சம் டன் கப்பலின் உரிமையாளர் தர வேண்டிய அதிகபட்சத் தொகை 6 கோடியே 44.55 லட்சம் எஸ்.டி.ஆர். ஆகும்.

அத்தொகை போதாதபோது இரண்டாவது அடுக்காக, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதியம் வருகிறது. இதற்குப் பணம் தருபவர்கள் அரசுகளோ கப்பல் உரிமையாளர்களோ அல்லர். உறுப்பு நாடுகளில் ஆண்டுக்கு 1,50,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயையோ கனரக எரிஎண்ணெயையோ கடல்வழியாகப் பெறும் நிறுவனங்களே தருகின்றன. உரிமையாளரின் பங்கையும் சேர்த்து ஒரு விபத்துக்கு 20.3 கோடி எஸ்.டி.ஆர். வரை இங்கே கிடைக்கும். 2003ஆம் ஆண்டின் துணை நிதிய நெறிமுறையையும் ஏற்ற நாடுகளில் மொத்தம் 75 கோடி எஸ்.டி.ஆர். வரை உயரும். கப்பலை ஓட்டுபவரும் எண்ணெயை வாங்குபவரும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு, என் கருத்தில், முழு உடன்படிக்கையிலும் மிகச் சிறந்த பகுதி.

நான் குறை காண்பது வேறோர் இடத்தில். 1969இன் மூல வடிவில், உரிமையாளரின் சொந்தத் தவறு விபத்தில் இருந்தாலே அவர் வரம்பை இழந்தார். 1992இல் தொகையை உயர்த்திய கையோடு அந்தக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. அந்தச் சேதத்தை விளைவிக்கும் நோக்கத்துடன், அல்லது அத்தகைய சேதம் பெரும்பாலும் நேரும் என்று அறிந்தே பொறுப்பற்ற முறையில், உரிமையாளரே நடந்துகொண்டார் என்று காட்டினால்தான் இன்று வரம்பை உடைக்க முடியும். துருப்பிடித்த கப்பலைத் தெரிந்தே கடலுக்கு அனுப்பும் நிறுவனத்தையும், ஒவ்வொரு தகட்டையும் சோதித்து அனுப்பும் நிறுவனத்தையும், தொகையைப் பொறுத்தவரை சட்டம் பல வேளைகளில் ஒன்றாகவே நடத்துகிறது.

கேள்வி: நான் பணிபுரிவது டேங்கர் அன்று, தானியமும் தாதுவும் ஏற்றும் கப்பல். எங்கள் எரிபொருள் தொட்டி உடைந்து எண்ணெய் கசிந்தால் இதே சட்டம்தானா? எங்களைப் போன்ற மாலுமிகள்மீது வழக்கு வருமா?
– கப்பல் பொறியாளர் ஒருவர்

பதில்: அதே சட்டம் அன்று. 1992 உடன்படிக்கை, எண்ணெயைச் சரக்காக ஏற்றும் கப்பல்களுக்கானது. அதிலும் கச்சா எண்ணெய், கனரக எரிஎண்ணெய் போன்று எளிதில் ஆவியாகாத எண்ணெய்க்கு மட்டும் பொருந்தும். மற்றக் கப்பல்களின் எரிபொருள் கசிவுக்கு, 2001இல் ஏற்கப்பட்டு 2008 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பங்கர் எண்ணெய் உடன்படிக்கை உண்டு. இங்கும் தவறு இல்லாத நிலையிலும் பொறுப்பு உண்டு. 1,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குக் காப்பீடு கட்டாயம். பதிவுபெற்ற உரிமையாளர் மட்டுமன்றி, மாலுமிகள் இல்லாமல் கப்பலை மட்டும் குத்தகைக்கு எடுத்தவர், மேலாளர், இயக்குபவர் ஆகியோரும் இங்கே உரிமையாளராகவே கருதப்படுகிறார்கள்.

ஆனால் இதற்கு இரண்டாம் அடுக்கு நிதியம் இல்லை. தனி வரம்பும் இல்லை. கடல்சார் உரிமைக் கோரல்களுக்கான பொது வரம்பே பொருந்துகிறது, அதே வரம்புக்குள் வேறு கோரல்களும் வந்து போட்டியிடலாம். 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் பவளப்பாறையில் ஏறிய 'வகாஷியோ', சரக்கு எதுவும் இல்லாமல் சென்றுகொண்டிருந்த கப்பல். அதிலிருந்து கசிந்த ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் அதன் சொந்த எரிபொருளே. அந்தப் பொது வரம்பில் மொரீஷியஸ் ஏற்றிருந்தது 1976ஆம் ஆண்டின் பழைய வரம்பு, உரிமையாளரின் நாடான ஜப்பான் ஏற்றிருந்தது 1996 நெறிமுறையின் உயர்ந்த வரம்பு. ஒரே கசிவுக்கு எந்த அளவுகோல் என்பதே பெரும் சர்ச்சையாயிற்று. டேங்கர்கள்மீதே கண்ணாக இருந்த உலகம், பெரிய சரக்குக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான டன் எரிபொருளுடன் உலவுவதைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டேங்கர் மாலுமிகள்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுப்பதை 1992 உடன்படிக்கை தடுக்கிறது. பங்கர் உடன்படிக்கையில் அப்படியொரு பொதுப் பாதுகாப்பு எழுதப்படவில்லை, ஒவ்வொரு நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். குற்ற வழக்கோ இரண்டுக்கும் அப்பாற்பட்டது. மேலே சொன்ன ஹெபெய் ஸ்பிரிட்டின் தலைமை மாலுமியும் முதன்மை அதிகாரியும், நின்றிருந்த கப்பலில் இருந்தவர்களாயினும், கொரியாவில் குற்றம் சாட்டப்பட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் நாடு திரும்ப முடியாமல் இருந்தார்கள்.

கேள்வி: உரிமையாளர் என்பவர் பெரும்பாலும் பெயரளவு நிறுவனம். உண்மையில் எண்ணெய்க்குச் சொந்தமான, கப்பலை வாடகைக்கு எடுத்த பெரிய நிறுவனங்கள் தப்பிவிடுவதில்லையா?
– வாசகர் ஒருவர்

பதில்: 1992 உடன்படிக்கை வாடகைக்கு எடுத்தவர், மேலாளர், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட், மீட்புப் பணியாளர் ஆகியோரை எதிர்த்து வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. எல்லாக் கோரல்களும் ஒரே வாசலுக்கு வந்தால், ஒரே காப்பீடு போதும், வழக்கும் விரைவில் முடியும் என்பது இதன் தர்க்கம். இவர்களில் எவரேனும் நோக்கத்துடனோ, விளைவை அறிந்த பொறுப்பின்மையுடனோ நடந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அப்படிப் போனதற்கு எடுத்துக்காட்டு 'எரிகா'. 1999 டிசம்பர் 12 அன்று பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் அந்த எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தது. அதை வாடகைக்கு எடுத்த குழுமத்தின் எண்ணெய் நிறுவனமான டோட்டல், தனக்கும் உடன்படிக்கையின் பாதுகாப்பு உண்டு என்று வாதிட்டது. 2012 செப்டம்பர் 25 அன்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், பாதுகாப்பு உண்டு என்றாலும் கப்பலின் தகுதியைச் சோதிப்பதில் காட்டிய பொறுப்பின்மையால் அதை நிறுவனம் இழந்துவிட்டது என்று கூறியது. கப்பலுக்குத் தரச்சான்று அளித்த நிறுவனமும் தப்பவில்லை. அதற்கு முன்பு, 1978இல் அதே பிரிட்டனி கரையில் சுமார் 2,23,000 டன் எண்ணெயைக் கொட்டிய 'அமோகோ காடிஸ்' வழக்கில், பிரெஞ்சுத் தரப்பினர் உடன்படிக்கையில் சேராத அமெரிக்காவுக்கே சென்று, சிகாகோவில் தாய் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து வென்றார்கள். ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது 1992இல். பெரிய நிறுவனத்தைப் பிடிக்க முடியும், ஆனால் பதினான்கு ஆண்டு காத்திருக்கும் வசதி வேண்டும்.

கேள்வி: மீன்பிடித் தடையால் வருமானம் போனால் கேட்கலாமா? எங்களில் பலரிடம் கணக்குப் புத்தகமே கிடையாது. கடலில் செத்த உயிர்களுக்கு யார் கேட்பது?
– மீனவர் சங்கப் பொறுப்பாளர்

பதில்: கேட்கலாம். எண்ணெய் படிந்த வலைக்கும் படகுக்கும் ஆன செலவு, அவை பயன்படாத காலத்தின் வருமான இழப்பு ஆகியவை ஏற்கப்படும். வலையில் ஒரு துளி எண்ணெய் படாவிட்டாலும், கடற்பகுதி மூடப்பட்டதால் தொழிலுக்குப் போக முடியாதவரின் இழப்பும் ஏற்கப்படும். பொது உரிமையியல் சட்டங்கள் பலவற்றில் இந்தக் கடைசி வகை எளிதில் கிடைக்காது என்பதால், இது பெரிய முன்னேற்றம். எனினும் மாசுக்கும் இழப்புக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும். பாதிக்கப்பட்ட கடலையே நம்பித் தொழில் செய்பவர் என்பதும், மாற்று வழி இல்லை என்பதும் பார்க்கப்படும்.

கணக்குப் புத்தகம் இல்லாதது முற்றான தடை அன்று. சிறு மீனவர்களிடம் எழுத்துச் சான்று குறைவாகவே இருக்கும் என்பதை நிதியம் ஏற்று, அதற்கெனத் தனி வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. படகுப் பதிவு, உரிமம், ஏலக்கூடத்தின் விற்பனைப் பதிவு, வாங்கிய வியாபாரியின் குறிப்பு, அதே கரையின் முந்தைய ஆண்டுகளின் மீன்வரத்து ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடுவார்கள். எனவே கசிவு நடந்த அன்றிலிருந்தே புகைப்படம், நாள் குறிப்பு, தடை உத்தரவின் நகல் ஆகியவற்றைச் சங்கமே திரட்டத் தொடங்குவது நல்லது. ஹெபெய் ஸ்பிரிட் விபத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோரல்கள் வந்தன. அப்போது துணை நிதியத்தில் சேராதிருந்த கொரியாவுக்குக் கிடைக்கக்கூடிய தொகை போதாது என்று தெரிந்தபோது, அந்நாட்டு அரசு தன் கோரலை வரிசையின் கடைசிக்கு நகர்த்தி, மக்களுக்கு முதலில் கிடைக்கச் செய்தது. எல்லா அரசுகளும் பின்பற்ற வேண்டிய நடைமுறை இது.

கடைசிக் கேள்விக்குச் சட்டத்தில் நிறைவான விடை இல்லை. சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை, அதைச் சீர்ப்படுத்த உண்மையில் எடுத்த அல்லது எடுக்கப்போகும் நியாயமான நடவடிக்கைகளின் செலவு மட்டுமே கிடைக்கும். 1979இல் 'அந்தோனியோ கிராம்ஷி' என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலின் விபத்துக்குப் பின், மாசுபட்ட ஒவ்வொரு கன மீட்டர் நீருக்கும் இத்தனை ரூபிள் என்று சோவியத் அரசு கணக்குப் போட்டது. அத்தகைய ஏட்டுக் கணக்குகளை ஏற்பதில்லை என்று அடுத்த ஆண்டே நிதியத்தின் பேரவை தீர்மானித்தது. சீர்ப்படுத்தவே முடியாத அழிவுக்கு இதன்படி ஒன்றும் கிடைக்காது என்பதே இதிலுள்ள முரண். எரிகா வழக்கில் பிரெஞ்சு நீதிமன்றங்கள், எவருடைய பண இழப்பையும் சாராமல் இயற்கைக்கே நேர்ந்த இழப்பை ஏற்றதும், 2016இல் பிரான்ஸ் அதைத் தன் குடிமைச் சட்டத் தொகுப்பிலேயே சேர்த்ததும் வேறு திசையில் வைத்த அடிகள். ஆனால் அவை ஒரு நாட்டின் சட்டம் மட்டுமே.

கேள்வி: அமெரிக்காவில் சட்டம் வேறு என்கிறார்களே?

பதில்: ஆம். அமெரிக்கா இந்த உடன்படிக்கைகளில் சேரவில்லை. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் 'எக்சான் வால்டீஸ்' பாறையில் ஏறிய பிறகு, 1990இல் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. அங்கும் வரம்பு உண்டு, ஆனால் பெரும் கவனக்குறைவோ பாதுகாப்பு விதிமீறலோ இருந்தால் அது போய்விடும். மாநிலங்கள் வரம்பற்ற பொறுப்பையும் விதிக்கலாம். எக்சான் வழக்கில் நடுவர் குழு 500 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தது. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை 50.75 கோடி டாலராகக் குறைத்தது.

கேள்வி: எந்தக் கப்பல் என்றே தெரியாவிட்டாலோ, காப்பீடு போலியாக இருந்தாலோ?
– வாசகி ஒருவர்

பதில்: சரக்கு எண்ணெய் என்றால் நிதியம் கைகொடுக்கும். உரிமையாளர் திவாலானாலும், அவருக்கு விலக்குக் கிடைத்தாலும், கப்பலே அடையாளம் தெரியாவிட்டாலும், எண்ணெய் ஏதோவொரு டேங்கரிலிருந்து வந்தது என்று மெய்ப்பித்தால் நிதியம் தரும். போரும் போர்க்கப்பலும் மட்டும் இதற்கு விலக்கு. 2024 பிப்ரவரியில் டொபாகோ கரையில் கைவிடப்பட்டுக் கவிழ்ந்த 'கல்ஃப்ஸ்ட்ரீம்' மிதவையின் உரிமையாளர் முன்வராத நிலையிலும், நிதியம் அதைத் தன் பொறுப்பில் ஏற்றது. அரைகுறைக் காப்பீட்டின் விளைவுக்கு 2007இல் கெர்ச் நீரிணையில் புயலில் உடைந்த 'வோல்கோநெஃப்ட்–139' சான்று. வரம்பு 45.1 லட்சம் எஸ்.டி.ஆர். ஆக இருக்க, காப்பீடு 30 லட்சத்துக்கு மட்டுமே இருந்தது.

நம்பகமான காப்பீடு என்பது பெரும்பாலும் 'பி அண்ட் ஐ கிளப்' எனப்படும், உரிமையாளர்களே சேர்ந்து நடத்தும் பரஸ்பரச் சங்கங்களுடையது. அவற்றுள் பெரியவை ஒரே கூட்டமைப்பில் இணைந்து, எண்ணெய் மாசுக்கு ஒரு விபத்துக்கு 100 கோடி டாலர் வரை காப்பளிக்கின்றன. பொருளாதாரத் தடைகளைத் தவிர்க்க, இந்த வட்டத்துக்கு வெளியே கொடி மாற்றி, பெயர் மாற்றி ஓடும் பழைய டேங்கர்கள் இன்று பெருகியிருக்கின்றன. அவற்றின் சான்றிதழைத் துறைமுகத்திலேயே சரிபார்ப்பதுதான் வழி. துறைமுகத்துக்கு வராமல் நாட்டின் கடற்பரப்பைக் கடந்து மட்டும் செல்பவற்றிடம் அந்த வழியும் இல்லை.

கேள்வி: எத்தனை ஆண்டுக்குள் கோர வேண்டும்?

பதில்: இழப்பு நேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள், எப்படியாயினும் விபத்து நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுக்குள், இழப்பு நேர்ந்த நாட்டின் நீதிமன்றத்தில் வழக்காகவே தாக்கல் செய்ய வேண்டும். காப்பீட்டாளருக்குக் கடிதம் எழுதியிருப்பதோ, மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சென்றிருப்பதோ, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதோ இந்தக் காலத்தை நிறுத்தாது.